தனியாக நிற்கும் மாட்டுக் கொட்டகைக்கு வீட்டிலிருந்து மின்சாரம் கொண்டுபோவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாக இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டு மீட்டர் பலகையிலிருந்து 40 மீட்டர் தள்ளி, தோட்டத்தில் இரும்புத் தூண்களும் தகரக் கூரையுமாக ஐந்து கறவை மாடுகளுக்கு ஒரு கொட்டகை எழும்பிக்கொண்டிருக்கிறது. தளம் இன்னும் போடவில்லை. அங்கே 2 எச்.பி. சிங்கிள் பேஸ் தட்டு வெட்டும் இயந்திரம், தண்ணீர்த் தொட்டிக்கு அரை எச்.பி. மோட்டார், இரண்டு மின்விசிறி, நான்கு விளக்கு ஆகியவை ஓட வேண்டும். வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் 2.5 சதுர மி.மீ. வயரைத் தென்னை மரங்களில் கட்டி மேலாகவே இழுத்துவிடலாம் என்கிறார். எர்த்துக்குத் தனிக் கம்பி தேவையில்லை, இயந்திரத்தின் உடலை நியூட்ரலோடு சேர்த்துவிட்டால் போதும் என்கிறார். அதில் உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் கொட்டகையோரம் ஒரு எர்த் பைப் அடித்துக்கொள்ளலாம், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி வீண் செலவு என்றும் சொல்லியிருக்கிறார். இதில் எது சரி என்பது உங்கள் கேள்வி.

எதுவும் சரியில்லை. ஆனால் மூன்றும் ஒரே அளவு தவறானவை அல்ல. மெல்லிய வயரை மரத்தில் கட்டினால் இயந்திரம் திணறும், ஓரிரு ஆண்டில் வயர் கெடும். நியூட்ரலை எர்த்தாகப் பயன்படுத்துவதோ ஆளையும் மாட்டையும் கொல்லக்கூடியது. எனவே வயரின் தடிமனைப் பிறகு பார்ப்போம். தனியாக நிற்கும் கட்டடத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது, அங்கே ஒரு பழுது நேரும் நொடியில் மின்சாரத்தை எந்தக் கருவி, எந்த வழியாக அறிந்து துண்டிக்கப் போகிறது என்பதுதான். அதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்றவை கணக்கு.

நியூட்ரலிலிருந்து தொடங்குகிறேன். எல்லாம் சரியாக இருக்கும்வரை நியூட்ரல் கம்பியில் தரையோடு ஒப்பிடச் சில வோல்ட்டுகளுக்கு மேல் இருக்காது. அதனால்தான் இந்த ஏற்பாடு பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது, செய்தவரும் தாம் செய்தது சரி என்று நம்புகிறார். வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவில் எங்கேனும் அந்த நியூட்ரல் அறுந்தால், அல்லது திருகு தளர்ந்து விட்டுப்போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஃபேஸ் கம்பி முழுதாக இருக்கிறது. விளக்கோ விசிறியோ ஸ்விட்ச் போட்டபடி இருந்தால், ஃபேஸ் அதன் சுருள் வழியாக நியூட்ரல் முனைக்கு வந்து, அங்கிருந்து நீங்கள் சேர்த்துவைத்த துண்டு வயர் வழியாக இயந்திரத்தின் இரும்பு உடலுக்கு ஏறிவிடும். விசிறி சுற்றாது, விளக்கு எரியாது, அளவு மீறிய மின்னோட்டத்தில் தானாக விழும் ஸ்விட்சான எம்சிபி வீட்டில் இருந்தாலும் எதையும் உணராது. உடலில் மட்டும் ஏறத்தாழ 230 வோல்ட் நிற்கும். "கரண்ட் போய்விட்டது போலிருக்கிறது" என்று பார்க்க வருபவர்தான் அதைத் தொடுவார். ஈபி கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போனாலும் இதே கதைதான். மழைக்காலத்தில் கம்பத்து இணைப்புகள் விடுவது கிராமங்களில் அதிசயமல்ல. ஆகவே வீட்டிலோ கொட்டகையிலோ உங்கள் பொறுப்பில் உள்ள எந்த இடத்திலும் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது.

அடுத்தது எர்த் பைப். இதில்தான் பெரும்பாலோர் ஏமாந்துபோகிறார்கள், ஏனென்றால் இது பாதுகாப்பான வேலை போலவே தெரிகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மின்வாரியம் கம்பத்திலிருந்து தருவது ஃபேஸும் நியூட்ரலும்தான். எர்த்தை வீட்டுக்காரர்தான் தம் மனையில் ஏற்படுத்திக்கொள்கிறார். எனவே பழுது மின்னோட்டம் மண்ணுக்குள் இறங்கி, மண் வழியாகவே டிரான்ஸ்பார்மரின் எர்த் வரை போய்ச் சுற்றை முடிக்க வேண்டும். உங்கள் எர்த் குழியின் மின்தடை 10 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கம் 5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் பூமியில் இது மோசமான குழி அல்ல. இயந்திரத்தின் உள்ளே ஃபேஸ் கம்பி உடலைத் தொட்டால் மண்ணுக்குள் பாய்வது 230-ஐ 15-ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறத்தாழ 15 ஆம்பியர். கொட்டகைக்குப் போட்டிருக்கும் 25 ஆம்பியர் எம்சிபிக்கு 15 ஆம்பியர் என்பது சாதாரண லோடு. அது நாளெல்லாம் அப்படியே விட்டுவைக்கும். சி வகை எம்சிபி உடனடியாக விழ வேண்டுமென்றால் அதன் அளவைப்போல 5 முதல் 10 மடங்கு, அதாவது 125 முதல் 250 ஆம்பியர் பாய வேண்டும். அவ்வளவு பாய வேண்டுமானால் மொத்தத் தடை 1 ஓம் அளவுக்கு இறங்க வேண்டும். உப்பும் கரியும் எத்தனை மூட்டை கொட்டினாலும் ஒரு வீட்டுக் குழியில் அது நடக்காது.

அதற்கிடையில் இயந்திரத்தின் உடலில் எவ்வளவு நிற்கிறது? 15 ஆம்பியரை உங்கள் குழியின் 10 ஓமால் பெருக்கினால் 150 வோல்ட்டுக்கு மேல். எர்த் செய்த இயந்திரம், விழாத எம்சிபி, உடலில் 150 வோல்ட். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து குழியின் தடை 30, 40 ஓமுக்குப் போனால் இந்த எண் இன்னும் ஏறும். எர்த் குழி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. குழி மட்டும் இருந்தால் போதாது என்கிறேன்.

இந்த இடத்தைத்தான் ஆர்சிசிபி நிரப்புகிறது. ஃபேஸ் வழியாகப் போனதும் நியூட்ரல் வழியாகத் திரும்பியதும் சமமாக இருக்கிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. 30 மில்லியாம்பியர் வகையானால், அந்த அளவு மின்சாரம் வேறு வழியில் நழுவினாலே விநாடியில் ஒரு சிறு பகுதிக்குள் இரண்டு கம்பியையும் துண்டிக்கும். குழியின் தடை 100 ஓம் ஆக இருந்தாலும் 2 ஆம்பியருக்கு மேல் நழுவும். 30 மில்லியாம்பியருக்கு அது எழுபது மடங்கு. ஆகவே நம் ஊர் மண்ணில், நம் ஊர் இணைப்பு முறையில், ஆர்சிசிபி கூடுதல் வசதி அல்ல. எர்த் குழியைப் பயனுள்ளதாக்கும் கருவியே அதுதான். அதே வேளையில், ஆர்சிசிபி ஓவர்லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் பார்ப்பதில்லை. அதற்கு எம்சிபி கூடவே வேண்டும். இரண்டும் சேர்ந்த ஆர்சிபிஓ வாங்கினாலும் சரி.

எத்தனை போடுவது, எங்கே போடுவது என்பதற்கு என் பரிந்துரை இது. வீட்டில் மெயின் ஸ்விட்சை அடுத்து, வீட்டுச் சுற்றுகள் பிரிவதற்கு முன்பாகவே கொட்டகைக்குத் தனி வழி எடுங்கள். அந்த வழியில் 25 ஆம்பியர் சி வகை இரட்டைமுனை எம்சிபி ஒன்றும், 100 மில்லியாம்பியர், சற்றுத் தாமதித்து விழும் எஸ் வகை ஆர்சிசிபி ஒன்றும் இருக்கட்டும். கொட்டகையின் பெட்டியில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, அதன் பின் விளக்கு, விசிறிக்கு ஒரு 6 ஆம்பியர் எம்சிபி, தண்ணீர் மோட்டாருக்கு ஒன்று, தட்டு வெட்டும் இயந்திரத்துக்கு ஒன்று. கொட்டகையில் பழுது வந்தால் அங்கே உள்ளது முதலில் விழும். மண்ணுக்குள் போகும் கேபிளையே யாராவது கடப்பாரையால் குத்திவிட்டால் வீட்டில் உள்ளது விழும். வீட்டுக்கும் கொட்டகைக்கும் பொதுவாக ஒரே ஆர்சிசிபியைப் போட்டுவிட்டு, மழை இரவில் கொட்டகையின் ஈரத்தால் வீடே இருண்டுபோக, மறுநாள் எரிச்சலில் அதைக் கழற்றி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதுகாப்புக் கருவி தொந்தரவாக இருந்தால் அது நீடிக்காது.

ஆர்சிசிபி காரணமின்றி விழுவதாகச் சொல்லப்படும் புகார்களில் பெரும்பகுதிக்கு நியூட்ரல் குழப்பமே காரணம். கொட்டகையின் ஒரு விளக்கை மட்டும் வீட்டு இன்வர்ட்டரில் இணைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஃபேஸை இன்வர்ட்டரிலிருந்தும் நியூட்ரலைக் கொட்டகைச் சுற்றிலிருந்தும் எடுத்தால், போனதும் வந்ததும் சமமாக இராது. ஸ்விட்ச் போட்ட உடனே விழும். கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது. மின்வெட்டு நேரத்துக்கு ஒரு சூரிய ஒளி விளக்கையோ சார்ஜ் விளக்கையோ கொட்டகையில் தொங்கவிடுங்கள். இன்வர்ட்டர் கம்பியை 40 மீட்டர் இழுக்க வேண்டாம்.

இனி மாடுகள். இது ஒரு சைக்கிள் ஷெட்டாகவோ பொருள் வைக்கும் அறையாகவோ இருந்தால் இதுவரை சொன்னதே போதும். மாடு நிற்கும் இடம் வேறு வகை. மனிதனுக்கு 50 வோல்ட் வரை தாங்கக்கூடிய தொடு மின்னழுத்தம் என்று கொண்டால், கால்நடை நிற்கும் இடங்களுக்கு 25 வோல்ட்டையே எல்லையாகக் கொள்வது நல்லது. மாட்டின் உடல் மின்தடை மனிதனுடையதைவிடக் குறைவு. 500 ஓம் என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுவார்கள். அது செருப்பின்றி, கோமியத்தில் நனைந்த தரையில், முன்னங்கால் ஓரிடமும் பின்னங்கால் ஒன்றரை மீட்டர் தள்ளியும் நிற்கிறது. தரையில் அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருந்தால் மின்சாரம் நேரே இதயம் இருக்கும் வழியாகப் பாயும். மனிதன் லேசான சுருக்கென்று உணர்ந்து கையை எடுத்துக்கொள்ளும் அளவு, கட்டிப்போட்ட மாட்டுக்குத் தப்பிக்க வழியில்லாத வேதனை. தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கத் தயங்குவது, கறக்கும்போது காரணமின்றி உதைப்பது, பால் இறக்காமல் அடக்குவது போன்றவற்றை நோய் என்றோ கண்ணேறு என்றோ எடுத்துக்கொள்வதற்கு முன், ஒரு மீட்டரை எடுத்துத் தொட்டிக்கும் தரைக்கும் இடையே அளந்து பார்ப்பது நல்லது.

உங்கள் தளம் இன்னும் போடப்படவில்லை என்பது பெரிய வாய்ப்பு. கான்கிரீட் போடுவதற்கு முன், மாடுகள் நிற்கும் பரப்பு முழுவதற்கும் வெல்டு மெஷ் ஒன்றை விரியுங்கள். அல்லது 8 மி.மீ. கம்பிகளைச் சதுரமாகக் கட்டி, சந்திப்புகளில் கட்டுக்கம்பியை மட்டும் நம்பாமல் ஆங்காங்கே வெல்டு வையுங்கள். அதிலிருந்து இரண்டு இடங்களில் தகட்டு முனையைத் தரைக்கு மேலே கொண்டுவந்து, இரும்புத் தூண்கள், கூரைச் சட்டம், கட்டும் குழாய்கள், தண்ணீர்க் குழாய், இரும்புத் தொட்டி எல்லாவற்றையும் அதோடு இணைத்து, அனைத்தையும் கொட்டகைப் பெட்டியின் எர்த் பட்டையில் சேருங்கள். இப்படிச் செய்தால் பழுது நேரும் அந்தக் கணத்தில் இயந்திரமும் தூணும் தொட்டியும் மாட்டின் காலடியும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். மாட்டின் முன்கால், பின்கால், மூக்கு மூன்றுக்கும் இடையே வேறுபாடு ஏற்படாது. மின்கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆகாததற்கும் இதுவே காரணம். தளம் போடும்போது இதற்கு ஆகும் செலவு கம்பியின் விலையும் அரை நாள் கூலியும்தான். தளம் இறுகிய பிறகு எந்தச் செலவிலும் செய்ய முடியாது.

மெஷ் இருக்கும் கொட்டகைக்கு வீட்டு எர்த்தையும் கேபிளின் மூன்றாவது கம்பி வழியாகக் கொண்டுவந்து, கொட்டகைக் குழியோடு சேர்த்துவிடலாம். ஏற்கனவே தளம் போட்டுவிட்ட, மெஷ் இல்லாத கொட்டகை வைத்திருப்பவர்களுக்கு நான் வேறு விதமாகச் சொல்வேன். அங்கே வீட்டு எர்த்தைக் கொண்டுவராமல், கொட்டகைக்கெனத் தனிக் குழியும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் மட்டும் வைத்துக்கொள்வதே மேல். வீட்டில் கிரைண்டரிலோ ஹீட்டரிலோ பழுது வந்து வீட்டு எர்த்தில் அழுத்தம் ஏறினால், அந்த அழுத்தம் கம்பி வழியாகப் பயணம் செய்து, வெறும் மண்ணில் நிற்கும் மாடு நக்கிக்கொண்டிருக்கும் தொட்டியில் போய் நிற்கக் கூடாது. அப்படித் தனியாக வைக்கும்போது கேபிளின் இரும்புக் கவசத்தை வீட்டுப் பக்கம் மட்டும் எர்த் செய்து, கொட்டகைப் பக்கம் பிளாஸ்டிக் பெட்டிக்குள் எதையும் தொடாமல் நிறுத்த வேண்டும்.

எர்த் குழிக்கு 2.5 மீட்டர் நீளமும் 38 மி.மீ. உள்விட்டமும் உள்ள ஜிஐ பைப் போதுமானது. எர்த்திங்குக்கான இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 3043 அந்த அளவையே குறைந்தபட்சமாகச் சொல்கிறது. இடத்தைத் தேர்வதில் கவனம் வேண்டும். பழுது நேரும்போது குழியைச் சுற்றியுள்ள மண்ணிலும் அழுத்தம் பரவும். குழிக்கு நெருக்கமாக அது செங்குத்தாக இறங்கும். மாடு கட்டும் முளைக்குச்சிக்குப் பக்கத்தில், சாணம் கழுவும் வாய்க்கால் ஈரமாக இருக்கிறதே என்பதற்காக அங்கே குழி தோண்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தடை குறையும் என்பது உண்மை. ஆனால் மாடுகள் நடக்காத பக்கமாகத் தள்ளி, மூடியிட்டு வையுங்கள். தடையை எர்த் டெஸ்டர் கொண்டு கோடையில் அளந்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் அளந்த எண் நம்மைத் தேற்றுவதற்கு மட்டுமே உதவும்.

இப்போது கேபிள். 2 எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர், தண்ணீர் மோட்டார் சுமார் 4, மற்றவை 1. ஆக 15 ஆம்பியர். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு 7.41 ஓம், போக 40, வர 40 என 80 மீட்டருக்கு 0.59 ஓம். 15 ஆம்பியரில் ஏறத்தாழ 9 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். இது மட்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சிங்கிள் பேஸ் மோட்டார் கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு, அதாவது 50 முதல் 60 ஆம்பியர் இழுக்கும். அப்போது இழப்பு 32 வோல்ட். மாலை நேரத்தில் உங்கள் லைனில் வருவதே 205 வோல்ட்டாக இருந்தால் மோட்டாருக்குக் கிடைப்பது 173. மோட்டாரின் சுழற்றுவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு இறங்குவதால், 230-இல் கிடைக்கும் விசையில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். சோளத்தட்டு சிக்கிய இயந்திரம் அந்த விசையில் கிளம்பாது. முனகிக்கொண்டே நிற்கும், கண்டன்சர் போகும், பிறகு சுருள் எரியும். பழியை எல்லோரும் மோட்டார் கம்பெனி மேல் போடுவார்கள்.

6 சதுர மி.மீ. செம்பில் தடை கிலோமீட்டருக்கு 3.08 ஓம். ஓடும்போது இழப்பு 4 வோல்ட்டுக்கும் கீழே. கிளம்பும்போது 13, 14 வோல்ட். நான்கு சதுர மி.மீ.யில் கிளம்பும் நொடியின் இழப்பு 20 வோல்ட் அளவு. வெறும் விளக்கும் விசிறியும் ஆனால் அது தாராளம், தட்டு வெட்டும் இயந்திரத்துக்கு நான் 6-ஐயே எடுப்பேன். செம்பின் விலை கட்டுப்படியாகாவிட்டால் 10 சதுர மி.மீ. அலுமினியம் எடுக்கலாம், அதன் தடையும் அதே 3.08 ஓம்தான். அலுமினியத்தை எம்சிபியின் செம்பு முனையில் நேரடியாகச் செருகித் திருகினால் காலப்போக்கில் தளர்ந்து, சூடேறி, கருகும். அதற்கென உள்ள செம்பு-அலுமினிய லக்கை (கம்பி முனையில் மாட்டும் உலோக இணைப்பு) அழுத்தி வைத்துத்தான் இணைக்க வேண்டும். அதைச் செய்யும் கருவி கையில் இல்லாத எலக்ட்ரீஷியனிடம் அலுமினியத்தைக் கொடுக்காதீர்கள்.

கேபிளை மேலே கொண்டுபோவதா, புதைப்பதா? புதையுங்கள். மரத்தில் கட்டிய வயர் காற்றில் மரத்தோடு ஆடுகிறது, கட்டிய இடத்தில் தேய்கிறது, வெயிலில் பிவிசி வெடிக்கிறது, தென்னை மட்டை விழுந்தால் அறுகிறது. மேலாகத்தான் போக வேண்டும் என்றால் தனிக் கம்பம் நட்டு, ஜிஐ கம்பி இழுத்து, அதில் வயரைத் தொங்கவிட்டு, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் கடந்தாலும் தட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் புதைப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வைக்கோல் போருக்கு மேலாக மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எந்த வயரும் போகக் கூடாது.

புதைப்பதற்கு இரும்புக் கவசமிட்ட ஆர்மர்டு கேபிள்தான் வேண்டும். பிவிசி வகைக்கு ஐ.எஸ். 1554, எக்ஸ்எல்பிஇ வகைக்கு ஐ.எஸ். 7098 என்று உறையிலேயே அச்சிட்டிருக்கும். சாதாரண வீட்டு வயரை பிவிசி பைப்பில் விட்டுப் புதைப்பது பெருச்சாளிக்கு வைக்கும் விருந்து, பைப்பில் இறங்கும் தண்ணீருக்கும் வெளியேற வழியில்லை. ஆழம் 75 செ.மீ. என்று ஐ.எஸ். 1255 சொல்கிறது. அடியில் மணல், கேபிள், மேலே மணல், அதன்மேல் குறுக்காகச் செங்கல், பாதி மண் நிரப்பிய பிறகு எச்சரிக்கை நாடா, மேலே இரண்டு முனைகளிலும் திருப்பங்களிலும் அடையாளக் கல். வண்டி குறுக்கே போகும் இடத்தில் மட்டும் கனமான பைப்புக்குள் விடுங்கள். எருக்குழி வழியாகவும் தென்னைக்குப் பாத்தி வெட்டும் வட்டத்தின் வழியாகவும் பாதை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வருடாவருடம் மண்வெட்டி இறங்கும் இடங்கள் அவை. இரண்டு முனையிலும் ஒரு மீட்டர் மிச்சம் வைத்து ஒரே துண்டாக வாங்குங்கள், மண்ணுக்குள் ஜாயின்ட் வேண்டாம்.

கொட்டகையின் உள் வேலையில் ஈரத்தைவிடக் கோமியத்தின் ஆவியைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். அதில் உள்ள அம்மோனியா செம்பு முனைகளையும் ஸ்விட்சின் பித்தளையையும் பச்சை பூக்கவைத்துவிடும். திறந்த மரப்பெட்டியும் வீட்டு ஸ்விட்ச் பலகையும் அங்கே ஓராண்டைத் தாண்டினால் ஆச்சரியம். தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 தரமுள்ள பிளாஸ்டிக் பெட்டியை மாட்டின் நாக்கும் கொம்பும் எட்டாத உயரத்தில், மாடு கட்டும் பக்கத்துக்கு எதிர்ச் சுவரில் வைத்து, வயர்கள் கீழ்ப்புறமாக கிளாண்டு (வயரை இறுகப் பிடிக்கும் மூடி) வழியாக நுழையுமாறு செய்யுங்கள். விளக்குகள் கண்ணாடி மூடியிட்டவையாக இருக்கட்டும். வயரைத் தகரக் கூரையின் விளிம்பில் தேயவிட்டுக் கொண்டுபோகாதீர்கள். தகரத்தின் ஓரம் கத்தி.

தட்டு வெட்டும் இயந்திரத்தைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சாதாரண ஸ்விட்சில் இணைத்திருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய், தட்டு சிக்கியிருக்கிறதே என்று ஒருவர் வாய்க்குள் கைவிட்டு இழுக்கும் நேரத்தில் மின்சாரம் திரும்பினால், கத்தி தானாகவே சுற்றும். விரல்கள் போவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே அதற்குப் பச்சை, சிவப்பு பொத்தான் உள்ள டிஓஎல் ஸ்டார்ட்டர் கட்டாயம். மின்சாரம் போனால் அது விட்டுவிடும், திரும்பி வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை மோட்டார் கிளம்பாது. அதில் உள்ள ஓவர்லோடு ரிலேயை மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு வைக்கச் சொல்லுங்கள். விழுகிறது என்பதற்காக அதை ஏற்றிவைக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு, அதற்கு அனுமதிக்காதீர்கள்.

அனுமதி பற்றிச் சுருக்கமாக. ஐந்து மாடும் 2 எச்.பி. இயந்திரமும் என்றால் உங்கள் வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா, அதே கட்டண விகிதத்தில் கொட்டகையையும் ஓட்டலாமா என்பதை ஈபி பிரிவு அலுவலகத்தில் வேலை தொடங்கும் முன்பே எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். கிணற்று மோட்டாருக்கான இலவச விவசாய இணைப்பு பக்கத்திலேயே இருக்கிறது என்று அதிலிருந்து எடுக்க நினைக்காதீர்கள். எந்தப் பயனுக்கு இணைப்பு தரப்பட்டதோ அதைவிட்டு வேறொன்றுக்குப் பயன்படுத்துவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு, உரிய கட்டணத்தைப் போல் இருமடங்கு மதிப்பிடுவார்கள். வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வழியாக, தகுதிச் சான்று உள்ள வயர்மேனைக் கொண்டு செய்ய வேண்டும் என்பதும் சட்டம்.

எல்லாம் முடிந்த பின், மாடுகளை உள்ளே கட்டும் முன், வயர்மேனிடம் மூன்று சோதனைகளைக் கேட்டுப் பெறுங்கள். முதலாவது, மின்சாரத்தை இணைப்பதற்கு முன்பு 500 வோல்ட் மெகர் வைத்துக் கேபிளின் காப்புத்தடையைப் பார்ப்பது. புதிய கேபிளில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு மெகாஓமுக்குக் குறைவாகக் காட்டினால் எங்கோ அடிபட்டிருக்கிறது. இரண்டாவது, இரண்டு ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானையும் அழுத்தி அவை விழுகின்றனவா என்று பார்ப்பது. இதை மாதம் ஒருமுறை நீங்களே செய்யலாம், ஆனால் பொத்தான் கருவியின் உள் இயக்கத்தை மட்டுமே சோதிக்கிறது, எர்த் கம்பி அறுந்திருந்தாலும் பொத்தானை அழுத்தினால் அது விழும். அதனால்தான் மூன்றாவது சோதனை தேவைப்படுகிறது: கொட்டகையின் சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 60 வாட் குண்டு பல்பு ஒன்றை வயர்மேன் இணைத்துப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் கொட்டகையின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. எர்த் சரியாக இருந்தால் பல்பு வழியாக 250 மில்லியாம்பியர் அளவு மண்ணுக்குள் இறங்க முயலும். பல்பு ஒரு கணம் மின்னியதும் மின்னாததுமாக ஆர்சிசிபி விழ வேண்டும். பல்பு எரிந்துகொண்டே இருந்தால் ஆர்சிசிபி பழுது, அல்லது நியூட்ரலும் எர்த்தும் ஆர்சிசிபிக்குப் பிறகு எங்கோ சேர்ந்திருக்கின்றன. பல்பும் எரியாமல் ஆர்சிசிபியும் விழாமல் இருந்தால் எர்த் கம்பி எங்கோ விட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, இதே சோதனையை மறுபடி செய்து பார்த்த பிறகுதான் மாடுகளை உள்ளே கட்ட வேண்டும்.